விதைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்



பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சின்ன வெங்காயம் போடுபவர். "விலை ஏறினால் ஏற்றுமதிக்குத் தடை போடுகிறார்கள். விலை விழுந்து, பட்டறையில் கிடக்கும் காய் முளைவிட்ட பிறகு தடையை எடுக்கிறார்கள். எந்த மாதம் நட்டால் என் சரக்கு கப்பல் ஏறும் என்று யாராவது சொல்ல முடியுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். தனியாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்காவின் மளிகைக் கடை, யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டம், மாலத்தீவுக்குப் போகும் தோணி என்று எல்லா இடத்தையும் தொடாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் வெங்காயத்துக்கே கொடுத்துவிட்டேன்.

விலை ஏன் இப்படித் துள்ளுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் பெரிய வெங்காயம் ஆண்டுக்கு மூன்று போகமாக வருகிறது. பங்குனி, சித்திரையில் அறுவடையாகும் ரபி வெங்காயம்தான் பெரும்பங்கு. மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம். தோல் இறுகி நன்றாகக் காய்ந்த காய் என்பதால் இருப்பு வைத்தால் தாங்கும். நாசிக் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அதைக் காற்றோட்டமான கொட்டகைகளில் கொட்டிவைத்து, ஐப்பசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக லாசல்காவ் போன்ற மண்டிகளுக்குக் கொண்டுவருவார்கள். அது தீருவதற்குள் மழைக்காலப் பயிரான காரிப் வெங்காயம் வந்து சேர வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பெருமழை பெய்து காரிப் அழுகிப்போனால், பழைய சரக்கு தீர்ந்தும் புதுச் சரக்கு வராத சில வாரங்கள் வந்துவிடுகின்றன. விலை எகிறுவது அந்த வாரங்களில்தான். 1998-ல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று அன்றிலிருந்து பேசிவருகிறார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பயம் மட்டும் கூடவே வந்துவிடுகிறது. விலை ஏறத் தொடங்கியதும் முதலில் கைவைப்பது ஏற்றுமதியில்தான்.

தேதிகளை வரிசையாகச் சொன்னால் நம் வாசகரின் ஆற்றாமை எல்லோருக்கும் புரியும். 2019 செப்டம்பர் 13-ல், டன்னுக்கு 850 டாலருக்குக் குறைவாக வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அது போதவில்லை என்று 29-ந் தேதியே முழுத் தடை. 2020 மார்ச் 15-ல் தடை நீங்கியது. ஆறே மாதத்தில், செப்டம்பர் 14-ந் தேதி, மறுபடியும் தடை. 2021 ஜனவரி 1-ல் அது நீங்கியது. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் கடைசியில் 800 டாலர் குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8-லிருந்து தடை. மார்ச் 31-ல் முடியும் என்று சொல்லியிருந்த அந்தத் தடையை, முடிய ஒரு வாரம் இருக்கும்போது, தேதி எதுவும் குறிப்பிடாமல் நீட்டினார்கள். 2024 மே 4-ல் தடை போனது. ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் நின்றன. செப்டம்பரில் அந்தக் குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டு வரியை 20 சதவீதமாக்கினார்கள். அந்த 20 சதவீதமும் போனது 2025 ஏப்ரல் 1-ல்.

விதை வெங்காயம் ஊன்றி எழுபது நாளில் சின்ன வெங்காயம் கைக்கு வரும். பெரிய வெங்காயமோ நாற்றுவிட்டு நட்டு எடுக்க நான்கைந்து மாதம் பிடிக்கும். ஊன்றிய நாளில் இருந்த சட்டம் அறுவடை நாளில் இருக்குமா என்று தெரியாமல்தான் இத்தனை பேரும் மண்ணில் கைவைக்கிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். வங்கதேசத்தில் வெங்காயம் இல்லாமல் சமையல் இல்லை. அங்கும் பாப்னா, ஃபரித்பூர் மாவட்டங்களில் நிறைய விளைகிறது. ஆனாலும் அவர்களுடைய சொந்தச் சரக்கு தீரும் மாதங்களுக்கு இந்திய வெங்காயத்தையே நம்பியிருந்தார்கள். பெட்ராபோல், ஹிலி, மகதிபூர் எல்லைச் சாவடிகள் வழியாக லாரி லாரியாகப் போகும். 2019 தடை வந்த ஒரு சில நாளில் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்திருந்தார். வர்த்தகர்கள் கூடிய மேடையில், தன் சமையற்காரரிடம் இனி வெங்காயம் இல்லாமல் சமைக்கச் சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்போடு சேர்த்து ஒரு வேண்டுகோளும் வைத்தார். தடை போடுவதாக இருந்தால் கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்பதுதான் அது. ஒரு நாட்டின் பிரதமர் இதைவிடக் குறைவாக எதைக் கேட்டிருக்க முடியும்? அந்த நவம்பரில் டாக்காவில் வெங்காயம் கிலோ 200 டக்காவை (அவர்கள் நாணயம்) தாண்டியது. துருக்கி, எகிப்து, பாகிஸ்தான் என்று தேடிப்போய் விமானத்தில் வெங்காயம் கொண்டுவந்தார்கள்.

முன்னதாகச் சொல்லுங்கள் என்று கேட்ட ஓராண்டுக்குள் 2020 செப்டம்பர் 14 உத்தரவு வந்தது. உடனடியாக அமல், இடைக்கால ஏற்பாடு எதுவும் பொருந்தாது என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. எல்லைக்கு வந்துவிட்ட லாரிகள் வரிசையில் அப்படியே நின்றன. ஏற்றிய வெங்காயம் நின்றுபோன லாரியில் என்ன ஆகும் என்பது வெங்காயத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். மேலே தார்ப்பாய், உள்ளே புழுக்கம். முதலில் வலைச்சாக்கின் நடுவில் இருக்கும் காய் வியர்க்கும். தோலுக்கு அடியில் கரிப்பொடி போலக் கறுப்புப் பூஞ்சணம் படரும். ஒரு காய் கசிந்தால் அந்த நீர் பட்ட காயெல்லாம் கசியும். மூன்றாம் நாள் வாடை வெளியே வரும். ஐந்தாம் நாள் சாக்கின் அடி நனைந்து லாரிப் பலகையில் ஒழுகும். ஓட்டுநருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை, கடக்கவும் வழியில்லை. தங்களுக்கிடையே முன்பு பேசிவைத்த புரிதலை இந்தத் திடீர் அறிவிப்பு கெடுத்துவிட்டது என்று வங்கதேச வெளியுறவு அமைச்சகம் கடிதம் எழுதியது. அதன்பிறகே 25,000 டன் அனுப்ப இந்தியா இசைந்தது. அதற்குள் கணிசமான சரக்கு கெட்டுவிட்டிருந்தது. அது நம் நாட்டு விவசாயி விளைவித்து, நம் நாட்டு வியாபாரி பணம் போட்ட சரக்கு.

2023 டிசம்பரில் இந்த அளவுக்கு மோசமில்லை. ஏற்கெனவே சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கு ஜனவரி 5 வரை தவணை கொடுத்தார்கள். ஆனாலும் டாக்காவில் ஓர் இரவுக்குள் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகி மறுபடி 200 டக்காவைத் தொட்டது. சரக்கு அன்றைக்குக் குறைந்துவிடவில்லை. இனி வராது என்ற செய்தியிலேயே விலை ஏறியது. பதுக்குகிறவருக்குத் திடீர் உத்தரவைப் போல உதவி செய்வது வேறொன்றுமில்லை.

இப்படிச் சூடுபட்ட பக்கத்து நாடு என்ன செய்யும்? இதற்கு வங்கதேசத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2014-க்குப் பிறகு இந்திய எல்லையிலிருந்து மாடுகள் கடத்தப்படுவதை நம் அரசு கடுமையாக அடக்கியது. பக்ரீத் பண்டிகைக்கு மாடு கிடைக்காமல் திண்டாடப் போகிறார்கள் என்று பலரும் எண்ணினார்கள். அங்கோ சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு மாடு வளர்க்க ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் பண்டிகைக்கு வேண்டிய மாடு எங்களிடமே இருக்கிறது என்று அவர்கள் அரசு சொல்லும் நிலை வந்தது. வெங்காயத்திலும் அந்த வழியில்தான் போகிறார்கள். கோடை வெங்காயத்துக்கு விதையும் உதவியும் கொடுத்து விளைச்சலைப் பெருக்கியிருக்கிறார்கள். 2023-ல் அறுவடை நேரத்தில், மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, நம்மிடம் வாங்க இறக்குமதி அனுமதியே தராமல் நிறுத்திவைத்தார்கள். அவர்கள் விவசாயியைக் காக்க அவர்கள் எடுத்த முடிவு அது; அதில் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நாசிக் விவசாயிக்கு அருகில் இருந்த பெரிய சந்தை சுருங்கிவருகிறது என்பதே என் கவலை. நீண்ட காலமாக வாங்கிவந்த ஒருவரை ஓர் உத்தரவால் விரட்டிவிடலாம். திரும்ப அழைத்துவர எந்த உத்தரவாலும் ஆகாது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மேலே சொன்ன உத்தரவுகள் எல்லாம் பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்துப் போடப்பட்டவை. டெல்லியிலும் மும்பையிலும் சாப்பிடுவது அதைத்தான். ஆனால் உத்தரவில் 'வெங்காயம்' என்று மொத்தமாக எழுதிவிடும்போது, பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர், நாமக்கல் பக்கத்துச் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. வடக்கே அதைச் சாப்பிடுவார் குறைவு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று தமிழர் சமைக்கும் இடமெல்லாம் அதற்குக் கிராக்கி. அதை வெளியே விடாமல் வைத்திருப்பதால் டெல்லியில் ஒரு கிலோ பெரிய வெங்காயத்தின் விலைகூட இறங்கப் போவதில்லை. 2020 அக்டோபரில் கர்நாடகத்தின் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கும், கடப்பைப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்பத் தனி அனுமதி கிடைத்தது. அவை உள்ளூரில் அதிகம் விற்காத ரகங்கள் என்பதே காரணம். சின்ன வெங்காயத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். அதற்குத் தனியாக ஒரு சுங்கக் குறியீட்டு எண் வேண்டும் என்பது நம் விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அந்த எண் இருந்தால், பெரிய வெங்காயத்துக்குத் தடை வரும்போது சின்னதைத் தனியே பிரித்து விட்டுவிடலாம். பணச் செலவு இல்லாத கோரிக்கை இது.

வாசகர் கடிதத்தில் வந்த பட்டறையைப் பார்த்திராத நகரத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கல்லோ மரமோ வைத்து, மேலே மூங்கில் பரப்பி, நான்கு பக்கமும் காற்றுப் புகும்படி படலோ கம்பிவலையோ அடைத்து, ஓலை வேய்வார்கள். தாளோடு பறித்து நிழலில் உலர்த்திய வெங்காயத்தை அதில் போட்டுவைப்பார்கள். நல்ல பட்டறையில் சில மாதம் நிற்கும். ஆனால் வைத்திருக்க வைத்திருக்க எடை குறையும். ஐப்பசி ஈரக்காற்று அடித்தால் முளைக்கும். விலை வரட்டும் என்று காத்திருப்பவர் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சரக்கை இழந்துகொண்டுதான் காத்திருக்கிறார். அடுத்த நடவுக்கு விதையும் அதே பட்டறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் கடைசியில் தடை உத்தரவு வந்தால், பணத்தோடு அடுத்த போகத்தின் துணிச்சலும் போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்த இடத்தில் என்னை நிறுத்துவார்கள் என்று தெரியும். "உங்கள் வெங்காயம் இங்கே வந்து இறங்கினால் எங்கள் வெங்காயம் என்னாவது?" என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1970-ல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அந்த ஆறேழு ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரர்கள் நிமிர்ந்தார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றிலிருந்து இறைத்து, வெங்காயமும் மிளகாயும் செய்து, செத்தல் மிளகாயைத் தெற்குக்கு அனுப்பினார்கள். துலா இருந்த கிணறுகளுக்கு இயந்திரம் வந்தது. ஓலை வீடுகள் கல்வீடாயின. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் வேலை கிடைக்காத இளைஞர்கள் காடுவெட்டி மிளகாய் போட்டு நல்ல பணம் பார்த்தார்கள். அந்த நாள்களை இன்றும் பெரியவர்கள் கண்கள் விரியச் சொல்வதை அங்கு போனவர்கள் கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டுகளில்தான் தெற்கில் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாங்கித் தின்பவருக்கு அது கடினமான காலம். 1977-ல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. மலிவான மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கின. பயிர் மண்ணில் நிற்கும்போதே அதன் விலை போய்விட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வடக்கின் இளைஞர்களுக்குள் மூண்ட கோபத்துக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்தத் தோட்டங்களின் வீழ்ச்சியை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது என்றே நினைக்கிறேன்.

கட்டுப்பாடு நல்லதா, திறப்பு நல்லதா என்று பட்டிமன்றம் நடத்த நான் இதைச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டிலும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பிழைத்தார். திறப்பு படிப்படியாக, சொல்லிச் செய்யப்பட்டிருந்தால் அதிலும் பிழைத்திருப்பார். உழைப்பையும் கடனையும் மண்ணில் போட்டுவிட்டு நிற்கும்போது சட்டம் தலைகீழாவதைத்தான் யாராலும் தாங்க முடியாது.

இலங்கை இன்று வைத்திருக்கும் கருவி 2007-ல் இயற்றிய விசேட பண்ட அறவீட்டுச் சட்டம். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வரி விதிக்கலாம். வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் போதும், நள்ளிரவிலிருந்து நடைமுறைக்கு வந்துவிடும். தம்புள்ளைப் பக்கத்தில் பெரிய வெங்காயம், அல்லது நுவரெலியா, வெலிமடையில் உருளைக்கிழங்கு அறுவடையாகும்போது வரியை ஏற்றுவார்கள். தட்டுப்பாடு வந்தால் இறக்குவார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வரி ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்த இறக்குமதியாளர்கள் அதற்கு முன்பே கப்பல் கப்பலாக இறக்கிக் குவித்துவிட்டால், தம்புள்ளை விவசாயிக்கு வரியால் ஒரு பயனும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய சரக்கு கடலில் இருக்கும்போது வரி மாறினால் நம் ஏற்றுமதியாளருக்கு நட்டம். நாம் இரவோடு இரவாகத் தடை போடுகிறோம், அவர்கள் நள்ளிரவில் வரி போடுகிறார்கள். இரண்டு அரசுகளும் ஒரே பழக்கத்தில் விழுந்துகிடக்கின்றன.

இரண்டு நாட்டுக்கும் நடுவே நல்லவை நடக்காமல் இல்லை. 2021-ல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்த முடிவாலும், பிறகு வந்த செலாவணி நெருக்கடியாலும் 2022-ல் இலங்கை தடுமாறியபோது, உணவுக்கும் மருந்துக்கும் இந்தியா 100 கோடி டாலர் கடன் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும், பால்மாவும், மருந்தும் அனுப்ப முன்வந்து, 2022 மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அந்த அன்பு உண்மையானது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த வெங்காயத் தடையில் இலங்கையும் அகப்பட்டது. கொழும்பில் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பாகிஸ்தான் வெங்காயமும் சீன வெங்காயமும் இடம்பிடித்தன. கொழும்பு டெல்லியைக் கேட்டு, டெல்லி தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாக 10,000 டன் அனுமதிக்கும் என்ற நடைமுறை வந்தது. ஆண்டாண்டாக அந்த வியாபாரத்தைச் செய்துவந்த சிறு ஏற்றுமதியாளர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். பேரிடரில் ஓடிவந்து உதவுவதைப் போலவே, சாதாரண நாளில் சொன்ன சொல்லில் நிற்பதும் அண்டை வீட்டாருக்கு வேண்டியிருக்கிறது.

வேறு எப்படித்தான் செய்வது என்று கேட்பவர்களுக்கு, நம் கண்முன்னே நடந்துவரும் ஓர் ஏற்பாட்டைக் காட்ட விரும்புகிறேன். மாலத்தீவில் விளைநிலம் மிகக் குறைவு. சாப்பாட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1981-ல் இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு கோட்டா. இந்தியாவில் எந்தப் பொருளுக்குத் தடை வந்தாலும் அந்தக் கோட்டாவைத் தொடுவதில்லை. 2023 கடைசியில் மாலேயில் ஆட்சி மாறி, இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்ற முழக்கத்தால் இரு நாட்டு உறவு கசந்திருந்தது. அந்தக் கசப்பின் நடுவில், 2024 ஏப்ரலில், அந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்குப் பெரிய கோட்டாவை இந்தியா அறிவித்தது. வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், முட்டை 42 கோடிக்கு மேல். அப்போது உலகத்துக்கெல்லாம் வெங்காயத் தடை அமலில் இருந்தது. அரசியல் ஒரு பக்கம் இருக்க, சமையலறைக்குக் கொடுத்த வாக்கு தப்பவில்லை. இதை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இந்த வாக்குக்கு உருவம் உண்டு. மாலேக்குப் போகும் தோணிகளில் வெங்காயச் சாக்கும் உருளைக்கிழங்கும் ஏறுகின்றன. கட்டுமானச் சாமான்களும் கூடவே போகும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தோணி ஓடாது. அந்த மாதங்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், தண்டல் முதல் தரகர் வரை அதற்கேற்பக் கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்கள். கடலைக்கூட நம்பி ஆண்டுத் திட்டம் போட முடிகிறது. உத்தரவுகளை நம்பிப் போட முடியவில்லை.

இந்த ஏற்பாட்டை வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் நேபாளத்துக்கும் ஏன் விரிக்கக் கூடாது? மாலத்தீவு சிறிய நாடு, அதன் தேவை நம் விளைச்சலில் ஓர் ஓரம். வங்கதேசத்தின் தேவை பெரிது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நியாயமான பதில்தான். முழுத் தேவைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். நம் விளைச்சல் எப்படிப் போனாலும் இத்தனை டன் உறுதி, அதற்குமேல் விளைச்சலைப் பொறுத்து என்று ஆண்டுத் தொடக்கத்தில் சொன்னால் போதும். 2024 ஏப்ரலில், தடை நடப்பில் இருந்தபோதே, வங்கதேசம், இலங்கை, பூடான், மொரீஷியஸ், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய ஆறு நாடுகளுக்கும் சேர்த்து 99,150 டன் அனுமதித்ததாக அரசே அறிவித்தது. கொடுத்த அளவு கையில் இருந்தது. நடவுக்கு முன் சொல்லியிருந்தால் அதே அளவு பல மடங்கு பயன்பட்டிருக்கும்.

இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லும் யோசனையும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தில் 12-வது பிரிவு இதைத்தான் கேட்கிறது. உணவுப் பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் நாடு, முடிந்தவரை முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கும் நாட்டின் உணவுப் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வளரும் நாடுகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளை வாங்குவதைவிட அதிகம் விற்கும் நாட்டுக்கு விலக்கில்லை. வெங்காயத்தில் இந்தியா அப்படிப்பட்ட நாடு.

விலை ஏறும்போது அரசு கைகட்டி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு கிலோ வெங்காயம் 80 ரூபாய்க்குப் போனால், கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கும் பெண்ணுக்கு அது பெரிய அடி. அதற்குத்தான் ரபி அறுவடையில் வாங்கி இருப்பு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பெரிதாக்கி, கெடாமல் காக்கும் கிட்டங்கிகள் கட்டலாம். வரி போட வேண்டுமானால், மண்டி விலை இன்ன அளவைத் தாண்டினால் இத்தனை சதவீதம் என்று அட்டவணையாக முன்பே எழுதிவைக்கலாம். அப்போது விலையைப் பார்த்தே வரியைக் கணக்கிட்டுக்கொள்ள விவசாயியாலும் வியாபாரியாலும் டாக்கா கடைக்காரராலும் முடியும். வண்டி ஏறிய சரக்கையும் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் திறந்த சரக்கையும் எந்த உத்தரவும் நிறுத்தக் கூடாது. 2022 மே மாதம் கோதுமைக்குத் தடை போட்டபோது, ஏற்கெனவே திறந்த கடன் உறுதிக் கடிதங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மனம் இருந்தால் முடிகிற காரியம்தான். இலங்கையும் தன் பண்ட அறவீட்டை அறுவடைக் கால அட்டவணையாக ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்துவிட்டால், யாழ்ப்பாணத்து வெங்காயம் சந்தைக்கு வரும் வாரங்களில் நம் சரக்கு அங்கே போகாமல் பார்த்துக்கொள்ள நம் ஏற்றுமதியாளர்களாலும் முடியும்.

செட்டிகுளத்து அன்பருக்கு இன்றைக்கு என்னால் தேதி சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதையும், அதை எழுப்ப வேண்டிய இடங்களில் இந்தப் பத்திரிகை எழுப்பிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மிளகைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வருகிறது. 2000-ல் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மிளகு இங்கு வருவதும், அதன் பெயரில் வியட்நாம் மிளகு நுழைகிறது என்று குடகு, இடுக்கி விவசாயிகள் கொதித்ததும், 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்ததும் அதில் இருக்கும். மாத்தளையில் உண்மையாகவே மிளகு விளைவிப்பவர் அந்தச் சண்டையில் பட்ட பாட்டையும் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடியில் மிளகுக்கொடி வைத்திருக்கும் வாசகர்களும், இலங்கையில் மிளகு பறிப்பவர்களும், இந்த ஆண்டு உங்கள் தோட்டத்து வாசலில் என்ன விலைக்குக் கேட்டார்கள் என்பதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மாதமும் ஊரும் மறக்காமல் இருக்கட்டும். கட்டுரையோடு அவற்றையும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்